செருகிகளின் சண்டை: மின்காருக்கு மின்னேற்றும் முறைகள் பிறந்த கதை

1990களின் முற்பகுதி. போரினால் யாழ்ப்பாணக் குடாநாட்டுக்கு மின்சாரம் நின்று போயிருந்த காலம். தடை செய்யப்பட்ட பொருட்களின் பட்டியலில் ரோர்ச் லைற்றுக்குப் போடும் சிறிய பற்றரிகூட இருந்தது. பழைய கார் பற்றரி ஒன்று வீட்டில் இருந்தால் அது பெரும் செல்வம். இரவில் ஒரு சிறிய மின்குமிழை எரிக்கலாம், வானொலியில் செய்தி கேட்கலாம். பற்றரி இறங்கியதும் அதனைச் சைக்கிள் கரியரில் கட்டிக்கொண்டு மின்னேற்றும் கடைக்குப் போக வேண்டும். அங்கே மண்ணெண்ணெயில் ஓடும் ஜெனரேற்றர் ஒன்று இரைந்துகொண்டிருக்கும். அதன் அருகே பத்துப் பதினைந்து பற்றரிகள் வரிசையில் காத்திருக்கும்.

செய்தியாளனாக ஓடித்திரிந்த எனக்கு எப்போதும் அவசரம். “அண்ணை, பின்னேரத்துக்குள்ள தர ஏலுமோ?” என்று கடைக்காரரிடம் கேட்டேன். “தரலாம் தம்பி. ஆனா கெதியா ஏத்தினா பற்றரி கெதியாச் செத்துப்போம். நாளைக்கு விடிய வாரும்” என்றார். பொறுக்க முடியாதவர்களுக்கு அவர் வேறொரு வழியும் வைத்திருந்தார். ஏற்கெனவே மின்னேற்றிய பற்றரி ஒன்றை வாடகைக்குக் கொடுத்துவிட்டு, கொண்டு வந்ததை வாங்கி வைத்துக்கொள்வார்.

மெதுவாக ஏற்றுவது, விரைவாக ஏற்றுவது, ஏற்றிய ஒன்றை மாற்றிக்கொள்வது. அந்தத் தகரக் கொட்டகையில் நான் கண்ட இந்த மூன்று வழிகளுக்குள்தான் இன்றைய மின்கார் உலகமும் சுற்றிச் சுழல்கிறது என்பது பிற்காலத்தில் வாசித்தபோதுதான் எனக்குப் புரிந்தது.

இப்போது இதனை எழுதத் தூண்டியவர் கொழும்பில் மின்கார் வாங்க எண்ணியிருக்கும் நண்பர் ஒருவர். “மின்சாரம் ஒன்றுதானே, பிறகு ஏன் இத்தனை வகையான பிளக்குகள்?” என்று அவர் கேட்டார். எளிய கேள்விதான். ஆனால் அதற்கான விடை நூற்றியிருபது ஆண்டு காலத்துக்கும் மேலாக நீண்டு கிடக்கிறது.

ஏசியும் டீசியும்

வரலாற்றுக்குள் நுழையுமுன் ஓர் அடிப்படையைத் தெளிவுபடுத்திக்கொள்வது நல்லது. வீட்டுச் சுவரிலுள்ள குதையில் வருவது ஏசி எனப்படும் ஆடலோட்டம். மின்கலம் ஏற்றுக்கொள்வதோ டீசி எனப்படும் நேரோட்டத்தை மட்டுமே. ஆகவே எங்கேனும் ஓரிடத்தில் ஒன்றை மற்றொன்றாக மாற்றியாக வேண்டும். அந்த மாற்றம் எங்கே நிகழ்கிறது என்பதே மின்னேற்றும் முறைகளுக்கிடையிலான முதன்மையான வேறுபாடு.

வீட்டுச் செருகியிலோ வீட்டுச் சுவரில் பொருத்தும் பெட்டியிலோ இணைத்தால் ஆடலோட்டம் அப்படியே காருக்குள் போகிறது. காருக்குள் இருக்கும் சிறிய மாற்றுக் கருவி அதனை நேரோட்டமாக்குகிறது. கருவி சிறியது, ஆதலால் வேகமும் குறைவு. பெருந்தெருக்களில் நிற்கும் விரைவு நிலையங்களில் அந்த மாற்றம் காருக்கு வெளியே, அலுமாரி அளவான பெரிய இயந்திரத்தில் நடைபெறுகிறது. நேரோட்டம் காரிலுள்ள கருவியைத் தொடாமல் நேராக மின்கலத்துக்குள் பாய்கிறது.

60 கிலோவாட் மணி கொள்ளளவுள்ள மின்கலம் ஒன்றை எடுத்துக்கொள்வோம். 10 அம்பியர் எடுக்கும் சாதாரண வீட்டுக் குதையின் வலு ஏறத்தாழ 2.3 கிலோவாட். வெறுமையான மின்கலம் நிறைய 26 மணித்தியாலத்துக்கும் மேலாகும். 7 கிலோவாட் சுவர்ப் பெட்டியில் ஒன்பது மணித்தியாலம், அதாவது ஓர் இரவு. 50 கிலோவாட் விரைவு நிலையத்தில் ஐந்தில் நான்கு பங்கு நிறைய ஒரு மணித்தியாலம் போதும். ஆனால் கடைசி ஐந்திலொரு பங்குக்கு வேகம் தளர்ந்துவிடும். திரையரங்கில் முதலில் வருபவர் நினைத்த இடத்தில் அமர்ந்துவிடுகிறார். கடைசியில் வருபவர் வெற்று நாற்காலியைத் தேடி அலைகிறார். நிறைந்துவரும் மின்கலத்தினுள்ளும் நிலைமை ஏறத்தாழ அதுதான். அங்கே அவசரப்படுத்தினால் மின்கலத்தின் ஆயுள் குறையும். அந்தக் கடைக்காரர் சொன்னது ஈய மின்கலத்தைப் பற்றி. இன்றைய இலிதியம் மின்கலத்துக்கும் அது பெரிதும் பொருந்துகிறது.

குதிரை வண்டிகளின் காலத்தில்

மீண்டும் மீண்டும் மின்னேற்றக்கூடிய ஈய அமில மின்கலத்தை 1859இல் பிரான்ஸ் நாட்டு விஞ்ஞானி கஸ்ரன் பிளான்ரே உருவாக்கினார். 1881இல் கமீல் ஃபோர் அதனை மேம்படுத்தினார். அதே ஆண்டில் குஸ்தாவ் துரூவே என்பவர் பரிஸ் நகரில் மின்சார முச்சக்கர வண்டி ஒன்றை ஓட்டிக் காட்டினார். அடுத்த இருபது ஆண்டுகளுக்குள் மின்சார வண்டி செல்வந்தர்களின் விருப்பத்துக்குரியதாகிவிட்டது. 1900ஆம் ஆண்டளவில் அமெரிக்கா உற்பத்தி செய்த 4,192 மோட்டார் வண்டிகளில் 1,681 நீராவியில் ஓடியவை, 1,575 மின்சாரத்தில் ஓடியவை, பெற்றோலில் ஓடியவை வெறும் 936 என்பது ஒரு பதிவு. இன்று வாசிக்கையில் வியப்பளிக்கும் கணக்கு இது.

இந்த வண்டிகளுக்கு எவ்வாறு மின்னேற்றினார்கள்?

1897இல் நியூயோர்க் நகரில் மின்சார வாடகை வண்டிச் சேவை ஒன்று தொடங்கியது. ஹென்றி மொரிஸ், பெட்ரோ சலோம் என்னும் இருவர் அதன் மூலவர்கள். வாடகை வண்டிக்காரர் மணிக்கணக்காகக் காத்திருந்தால் பிழைப்பு நடக்காது என்பதை அவர்கள் ஆரம்பத்திலேயே உணர்ந்திருந்தார்கள். எனவே நிலையத்துக்குள் வண்டி வந்ததும் ஏறத்தாழ அரைத் தொன் எடையுள்ள மின்கலப் பெட்டியை இயந்திரங்களின் துணையுடன் வெளியே இழுத்து, மின்னேற்றி வைத்த வேறொன்றைச் சில நிமிடங்களில் உள்ளே தள்ளிவிடுவார்கள். களைத்த குதிரையை அவிழ்த்துப் புதிய குதிரையைப் பூட்டும் பழைய வழக்கமே அது. அதே ஆண்டில் லண்டனிலும் வால்ற்றர் பேர்சியின் மின்சார வாடகை வண்டிகள் ஓடத் தொடங்கின. ரீங்கார ஒலி எழுப்பியதால் மக்கள் அவற்றைத் தேன்சிட்டு என்று செல்லமாக அழைத்தனர். அவற்றின் மின்கலங்களும் மாற்றப்பட்டவையே. ஆனால் 1899இல் அந்தச் சேவை நின்றுபோனது. நியூயோர்க் சேவையை வாங்கிப் பெருப்பித்த கொம்பனி 1907இல் வங்குரோத்தானது.

இந்த முயற்சிகளில் நெடுநாள் நின்று பிடித்தது அமெரிக்காவின் ஹார்ட்ஃபோர்ட் நகர மின்சாரக் கொம்பனி நடத்திய சேவை. வணிகர்கள் மின்கலம் இல்லாமலே லொறியை வாங்கலாம். மின்கலம் கொம்பனியின் சொத்து. ஓடிய மைல் கணக்குக்கு மாதந்தோறும் கட்டணம் செலுத்தினால் போதும். 1924 வரை இந்த ஏற்பாடு நீடித்தது. லொறிகள் ஒரே தயாரிப்பாளருடையவை, மின்கலப் பெட்டிகள் ஒரே அளவானவை, நகரமும் ஒன்றே. அதன் வெற்றியின் இரகசியம் இதுதான்.

வீட்டில் மின்னேற்ற விரும்பியவருக்கோ வேறொரு சிக்கல். பெரும்பாலான அமெரிக்க வீடுகளில் அக்காலத்தில் மின்சாரமே இல்லை. இருந்த இடங்களிலும் ஒரு நகரில் நேரோட்டம், அடுத்த நகரில் ஆடலோட்டம். ஆடலோட்ட நகரில் மின்கார் வைத்திருந்தவருக்குக் கைகொடுத்தது 1902இல் பீற்றர் கூப்பர் ஹியூவிற் உருவாக்கிய பாதரசச் சீராக்கி. நீல ஒளி வீசும் கண்ணாடிக் குடுவை ஒன்று கார்க்கொட்டிலில் இருந்துகொண்டு ஆடலோட்டத்தை நேரோட்டமாக்கும். இன்று காருக்குள் ஒளிந்திருக்கும் மாற்றுக் கருவியின் மூதாதை அதுவே. தெருவோரத்தில் காசு போட்டால் மின்சாரம் தரும் தூண்களை நிறுவும் யோசனையும் அக்காலத்திலேயே எழுந்தது. நண்பகல் உணவு வேளையில் வண்டியை நிறுத்திச் சிறிது நேரம் கூடுதல் மின்னோட்டத்தைச் செலுத்தும் வழக்கமும் இருந்தது. இன்றைய விரைவு மின்னேற்றத்தின் முதல் வடிவம் அது.

ஆக, வீட்டு மின்னேற்றம், பொது இடத்து மின்னேற்றம், விரைவு மின்னேற்றம், மின்கல மாற்றம் ஆகிய நான்கும் முதலாம் உலகப் போருக்கு முன்னரே பிறந்துவிட்டன. பிறகு ஏன் மின்கார் மறைந்தது?

1901இல் ரெக்சாஸில் எண்ணெய் பீறிட்டது, 1908இல் ஹென்றி ஃபோர்ட்டின் ரி மாதிரிக் கார் வந்தது, 1912இல் கடிலாக் காரில் மின்சார ஸ்ராற்றர் பொருத்தப்பட்டது. நூல்கள் பெரும்பாலும் கூறும் காரணங்கள் இவை. கைப்பிடியைச் சுழற்றி இயந்திரத்தை உயிர்ப்பிக்கும் தொல்லையை நீக்கியது ஒரு பற்றரி என்பதில் கசப்பான முரண் ஒன்று இருக்கிறது: மின்காரை வீழ்த்தப் பெற்றோல் கார் மின்சாரத்தையே கடன் வாங்கியது. ஆனால் இவற்றுக்கு ஈடான இன்னொரு காரணம் உண்டு. பெற்றோலைத் தகரத்தில் அடைத்து எந்தக் கிராமத்துக் கடையிலும் விற்கலாம், எந்தக் காரும் அதனைக் குடிக்கும். மின்சாரத்தை அப்படி விற்க முடியவில்லை. ஊருக்கு ஊர் மின்னோட்டம் வேறு, வண்டிக்கு வண்டி மின்கலம் வேறு, இணைக்கும் செருகியும் வேறு. பொது நியமத்தை உருவாக்கும் முயற்சிகள் நடந்தனதான். ஆனால் அவை சூடுபிடிப்பதற்குள் போட்டி முடிந்துவிட்டது.

துடுப்பா, செருகியா?

அதன் பின்னர் மின்வண்டி முற்றாக அழிந்துவிடவில்லை. பிரித்தானியாவில் அதிகாலையில் வீடு வீடாகப் பால் கொடுத்த மின்சார வண்டிகள் பல தசாப்தங்கள் ஓடின. ஓட்டம் முடிந்ததும் அவை கொட்டகையில் மின்னேறின. பாதை தெரியும், தூரம் தெரியும், திரும்பும் இடமும் ஒன்றே. அங்கே எந்தச் செருகிச் சண்டைக்கும் இடமிருக்கவில்லை.

சண்டை மீண்டும் மூண்டது கலிபோர்னியாவில். வளி மாசினால் திணறிய அந்த மாநிலம், புகை கக்காத கார்களையும் விற்றாக வேண்டும் என்று 1990இல் விதி வகுத்தது. 1996இல் ஜெனரல் மோட்டோர்ஸ் ஈவீ1 என்ற மின்காரைக் குத்தகைக்கு விடத் தொடங்கியது. அந்தக் காருக்கு வழக்கமான செருகி கிடையாது. மேசைப் பந்து மட்டை அளவான ஒரு துடுப்பை முன்பக்கத்துப் பிளவில் செருக வேண்டும். உலோகம் உலோகத்தைத் தொடாது. காந்தத் தூண்டலினால் மின்சக்தி கடத்தப்படும். கொட்டும் மழையிலும் கை நனைந்திருந்தாலும் ஆபத்தில்லை என்பது அதன் பெருமை. ஃபோர்ட், ஹொண்டா போன்றவர்களோ உலோக முனைகள் கொண்ட செருகியைத் தேர்ந்தார்கள். விளைவு, ஒரே வாகனத் தரிப்பிடத்தில் அருகருகே இரண்டு மின்னேற்றிகள். ஒன்றுக்கு உரிய கார் மற்றதில் ஒட்டாது.

2001இல் கலிபோர்னியாவின் வளி வளச் சபை உலோகச் செருகியின் பக்கம் தீர்ப்பளித்தது. துடுப்பு அணி தோற்றது. அதற்கு முன்னரே ஈவீ1 உற்பத்தி நின்றுவிட்டது. ஆயிரத்து நூற்றுச் சொச்சமாகத் தயாரிக்கப்பட்ட அந்தக் கார்களில் பெரும்பாலானவை மீளப் பெறப்பட்டு நசுக்கப்பட்டன. ஓட்டியவர்கள் அவற்றை விலைக்குத் தருமாறு கேட்டும் கொடுக்கப்படவில்லை.

தேநீர் குடிக்கும் நேரம்

2010இல் ஜப்பானில் ஒரு சங்கம் உருவானது. டோக்கியோ மின்வலுக் கொம்பனியும் நிசான், மிட்சுபிசி, டொயோட்டா முதலிய தயாரிப்பாளர்களும் அதில் இணைந்தனர். நேரோட்ட விரைவு மின்னேற்றத்துக்கு அவர்கள் வகுத்த நியமத்தின் பெயர் சாதெமோ. ‘தேநீராவது அருந்தலாமா’ என்னும் பொருளுடைய ஜப்பானியத் தொடரின் எதிரொலி அந்தப் பெயரில் இருக்கிறது. நீங்கள் ஒரு கோப்பை தேநீர் குடித்து முடிப்பதற்குள் கார் தயாராகிவிடும் என்பது குறிப்பு. தேயிலை நாட்டிலிருந்து எழுதும் எனக்கு இந்தப் பெயர் பிடித்துப்போனதில் வியப்பில்லை. அரை மணித்தியாலம் குடிக்கும் தேநீர் ஆறி அவலாகிவிடும் என்பது வேறு கதை. அதே ஆண்டு டிசம்பரில் சந்தைக்கு வந்த நிசான் லீஃப், இந்தக் குதையுடன் உலகெங்கும் போனது.

ஐரோப்பா தன் வழியில் போனது. ஜேர்மனியின் மென்னெக்கெஸ் நிறுவனம் ஏழு முனைகள் கொண்ட செருகியை வடிவமைத்தது. மூன்று கட்ட மின்சாரம் சாதாரணமாகக் கிடைக்கும் நாடுகளுக்கு அது ஏற்றது. பிரான்சும் இத்தாலியும் பாதுகாப்பு மூடி கொண்ட தங்கள் செருகியே மேலானது என்று வாதிட்டன. 2014இல் ஐரோப்பிய ஒன்றியம் சட்டத்தினால் அந்தச் சண்டையை முடித்து வைத்தது. வென்றது ஜேர்மனியச் செருகி. இரண்டாம் வகை என்பது அதன் பெயர். அதன் கீழே நேரோட்டத்துக்கென இரண்டு தடித்த முனைகளைச் சேர்த்த வடிவமே சீசீஎஸ்2 எனப்படுகிறது. ஒரே குதையில் வீட்டு மின்னேற்றமும் விரைவு மின்னேற்றமும் சாத்தியமாயின.

சீனா 2011 முதல் தனக்கென ஒரு நியமம் வைத்திருக்கிறது. அமெரிக்காவில் டெஸ்லா 2012இல் தன் கார்களுக்கு மட்டும் உரிய விரைவு நிலையங்களைக் கட்டத் தொடங்கியது. 2022 நவம்பரில் அந்தச் செருகியின் வடிவமைப்பைப் பிறரும் பயன்படுத்தலாம் என்று அறிவித்தது. 2023இல் ஃபோர்டும் ஜெனரல் மோட்டோர்சும் அதனை ஏற்றன. போட்டியாளனின் செருகியை அவர்கள் வலியத் தழுவியதற்குக் காரணம் செருகியின் அழகல்ல. அதன் பின்னால் அமெரிக்கா முழுவதும் கட்டி முடிக்கப்பட்டிருந்த நிலையங்களே காரணம். தெருவை வைத்திருப்பவனே விதியை எழுதுகிறான்.

மின்கல மாற்றமும் மீண்டும் எழுந்தது. 2007இல் தொடங்கிய பெற்றர் பிளேஸ் என்ற நிறுவனம் இஸ்ரேலிலும் டென்மார்க்கிலும் மாற்று நிலையங்களை அமைத்தது. அவற்றுக்குப் பொருந்தும் காரைக் கொடுத்தது ரெனோ ஒன்றே. மற்றத் தயாரிப்பாளர்கள் தங்கள் மின்கலத்தை அதே அளவில் செய்ய முன்வரவில்லை. 2013இல் நிறுவனம் வங்குரோத்தானது. சீனாவின் நியோ நிறுவனமோ தனது கார்களுக்கென்றே மூவாயிரத்துக்கும் அதிகமான மாற்று நிலையங்களை அமைத்திருக்கிறது. ஹார்ட்ஃபோர்ட் நகரின் பழைய பாடம் மாறவில்லை. அளவு ஒன்றானால் மாற்றலாம், பலவானால் முடியாது.

வாங்கும் நாடுகளின் நிலை

இந்தச் சண்டைகளில் எங்கள் நாட்டுக்குக் குரல் இருக்கவில்லை. ஆனால் விலை கொடுத்தவர்களில் நாமும் உண்டு. 2015ஆம் ஆண்டை அண்டி, வரிச் சலுகையினால் பாவித்த நிசான் லீஃப் கார்கள் ஆயிரக்கணக்கில் இலங்கைக்கு வந்தன. அவற்றுடன் தேநீர்ச் செருகியும் வந்தது. பின்னர் வரி ஏறியது. 2020இல் வாகன இறக்குமதியே நிறுத்தப்பட்டது. 2025 பெப்ரவரியில் தனியார் கார்களுக்குக் கதவு மீண்டும் திறந்தபோது வந்து இறங்கிய புதிய மின்கார்கள் பெரும்பாலும் ஐரோப்பியச் செருகியுடன் வந்தன. இதற்கிடையில் நிசானே ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் தனது புதிய காரான அரியாவில் சாதெமோவைக் கைவிட்டிருந்தது. பழைய லீஃப்பை ஆசையோடு பேணிவரும் ஒருவர், விரைவு நிலையத்துக்குள் நுழையுமுன் தன் செருகி அங்கே உண்டா என்று விசாரித்தாக வேண்டிய நிலை.

இது எங்களுக்குப் புதியதன்று. சிறிய வட்ட முனை, பெரிய வட்ட முனை, சதுர முனை என்று மூன்று வகைக் குதைகளை ஒரே வீட்டில் வைத்துக்கொண்டு, பேனா முனையால் குதையின் வாயைத் திறந்து பிளக்கைத் திணித்து வளர்ந்தவர்கள் நாம். சதுர முனையே பொது நியமம் என்று அரசு தீர்மானிப்பதற்குள் எத்தனையோ தசாப்தங்கள் கடந்துவிட்டன.

ஆகவே நண்பருக்கு நான் சொன்னது இதுதான். காரின் நிறத்தைப் பார்க்குமுன் குதையைப் பாருங்கள். சீனாவின் உள்நாட்டுச் சந்தைக்கென்று செய்யப்பட்ட கார் எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் அதன் குதை இங்குள்ள நிலையத்துக்குப் பொருந்துமா என்று கேளுங்கள். வீட்டுக் குதையில் இரவு முழுவதும் இணைத்து வைப்பதானால் வீட்டின் மின்கம்பிகள் அந்தச் சுமையைத் தாங்குமா என்று தகுதியுள்ள மின்வினைஞரைக் கொண்டு சோதியுங்கள். நாளாந்தத் தேவைக்கு மெதுவான மின்னேற்றம், நெடும் பயணத்துக்கு மட்டும் விரைவு மின்னேற்றம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அவரிடம் சொல்லாமல் விட்டது ஒன்று உண்டு. 2022 மார்ச் இறுதியில் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் இந்த நாடு இருளில் கிடந்தது. பெற்றோல் வரிசைகளில் காத்திருந்தவர்களில் சிலர் வரிசையிலேயே உயிர்விட்டார்கள். மூன்றே ஆண்டுகளின் பின், 2025 ஏப்ரல் புத்தாண்டு விடுமுறையின்போது, பகலில் மின்சாரம் மிதமிஞ்சிவிட்டதென்று கூரைச் சூரியத் தகடுகளை நிறுத்தி வைக்கும்படி மின்சார சபை கேட்டுக்கொண்டது. நண்பகலில் வாங்க ஆளில்லாமல் நின்றது அந்த மின்சாரம். அலுவலகத் தரிப்பிடங்களில் நாள் முழுவதும் சும்மா நிற்கும் கார்களுக்கு அங்கேயே மெதுவாக மின்னேற்ற வழியிருந்தால் அதற்கு ஒரு பயன் கிடைத்திருக்கும். ஜப்பானில் 2011 நிலநடுக்கத்தின் பின்னர், காரின் மின்கலத்திலிருந்து வீட்டுக்கு மின்சாரம் எடுக்கும் கருவியை நிசான் 2012இல் விற்பனைக்குக் கொண்டு வந்தது. இருளில் இருந்த எங்களுக்கு அதன் அருமை சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

எந்தச் செருகி, எந்த நேரம், எந்த இடம் என்பவற்றைக் கார்கள் பெருகுமுன் ஒரு நாடு தீர்மானிக்க வேண்டும். பெருகிய பின் தீர்மானிப்பது தோற்ற செருகியை வாங்கியவரின் தலையில்தான் விழும். கலிபோர்னியாவில் அதுவே நடந்தது.

யாழ்ப்பாணத்து மின்னேற்றும் கடை இன்று அந்த இடத்தில் இல்லை. அந்தக் கடைக்காரர் எங்கே போனார் என்றும் தெரியவில்லை. ஆனால் அவரிடம் பற்றரியைக் கொண்டுபோனவர் எவரும், “உன்னுடைய முனை என் கம்பிக்குப் பொருந்தாது” என்ற சொல்லைக் கேட்டுத் திரும்பியதில்லை. இரண்டு கவ்விகள், சிவப்பு ஒன்று, கறுப்பு ஒன்று. எந்தப் பற்றரிக்கும் அவை பொருந்தின.